காக்கா கொண்டுவந்த கொழுந்து

சிசிலிக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் முழுச் சுவர் இல்லை. எங்கள் லயத்தைக் கட்டிய துரை எந்தக் காலத்தவரோ தெரியாது. பத்துக் குடும்பத்துக்கான பத்துக் காம்பராக்களுக்கும் சேர்த்து நீளமாக ஒரே கூரையைப் போட்டுவிட்டு, நடுச்சுவர்களை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து அப்படியே நிறுத்திவிட்டார். கல்லை மிச்சம் பிடித்தாரா, இல்லை, கூலிக்காரர்களுக்குள் ஒளிவுமறைவு எதற்கு என்று நினைத்தாரா, அவருக்கே வெளிச்சம். இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால் அந்தக் கோடியில் 'நூறு வயசு' என்பார்கள். புருஷன் பெண்டாட்டி ராத்திரி சண்டை போட்டால், விடிந்து வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது தீர்ப்பு தயாராக இருக்கும்.

அப்படிப்பட்ட லயத்தில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு ஜெபம் செய்கிறவளை என்னவென்று சொல்வது? சிசிலி செய்தாள். பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் சுவருக்கு அந்தப் பக்கம் முழங்கால் போட்டு, "ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள் என்றால், அன்றைக்கு நடந்த கதை முழுக்க மேலே போகும். மேலே போகிற வழியில் எங்கள் வீட்டுக்கும் வரும். அவளுடைய ஆண்டவர் கேட்டாரோ இல்லையோ, நான் கேட்டேன். பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன். காது கொடுத்த பாவம்.

வட்டவளைக்கு மேலே, ரயில் கூவுவது கேட்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். நாற்பத்தொன்பதில் சிசிலியும் அவள் புருஷன் லோரன்ஸும் எட்டு வயது மகன் றோலண்டோடு பக்கத்துக் காம்பராவுக்குக் குடிவந்தார்கள். நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கொழும்பில் பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தேயிலைக்கு அந்தக் கவலை கிடையாது. அது அதன்பாட்டுக்குத் துளிர்த்தது, நாங்கள் எங்கள்பாட்டுக்குப் பறித்தோம். வந்தவர்கள் வேதக்காரர்கள் என்று தெரிந்ததும், சரி, நம் கோயில் திருவிழாவுக்கு ஒரு வரி குறைந்தது என்று என் வீட்டுக்காரர் கந்தப்பன் சொன்னார். அவர் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அந்த வருஷத்துக் கணக்கில் அது ஒன்று.

முதல் ஆறு மாசம் நானும் சிசிலியும் நன்றாகத்தான் இருந்தோம். அவள் என்னை "அக்கா, அக்கா" என்பாள். பிறகு வந்தது போஞ்சி. லயத்துக்குப் பின்னால் கையகல நிலத்தில் அவள் போஞ்சிப் பாத்தி போட்டிருந்தாள். பூவும் பிஞ்சுமாக நின்றது. என்னுடைய ஆடு வெள்ளச்சி ஒரு மத்தியானம் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதைச் சுத்தமாக வழித்துத் தின்றுவிட்டது. அறுத்துக்கொண்டு போனது என்று நான் சொல்கிறேன். நான்தான் அவிழ்த்துவிட்டேன் என்று லயத்தில் பேச்சு.

அவள் சண்டைக்கு வருவாள் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். நாலு நல்ல வார்த்தைகளும் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. பொழுது சாய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஆண்டவரே, எங்க போஞ்சியத் தின்ன வாயில்லாத சீவன மன்னிச்சிருங்க. அத அவுத்துவிட்ட வாயுள்ள சீவனையும் மன்னிச்சிருங்க."

பத்துக் காம்பராவும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், மயிரைப் பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன், மறுநாள் தண்ணீர்ப் பீலியடியில் ராசியாகியிருப்போம். இவள் மன்னித்துவிட்டாள்! யாரைக் கேட்டு மன்னித்தாள்? அன்றைக்கே அவளோடு பேச்சை நிறுத்தினேன்.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? அவளுக்கு ஆண்டவர் என்றால் எனக்கு வெள்ளச்சி. ஆட்டை முன்வாசல் இஸ்தோப்பில் கட்டிவைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, "கேட்டியாடி வெள்ளச்சி சங்கதிய?" என்று ஆரம்பிப்பேன். அவள் தன் கடவுளிடம் சொல்வாள், நான் என் ஆட்டிடம் சொல்வேன். இரண்டு பேருக்கும் இரண்டும் கேட்கும். இப்படியே பத்து வருஷம் ஓடியது. நடுவில் வெள்ளச்சி செத்து, அதன் குட்டியும் வெள்ளச்சியானது. வழியில் எதிரே வந்தால் அவள் சிரிப்பாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்தப் பத்து வருஷத்தில் அவளுடைய ஆண்டவர் அவளை என்ன பாடுபடுத்தினார் தெரியுமா? ஐம்பத்திரண்டில் சவுக்கு மரம் வெட்டும்போது கிளை முறிந்து லோரன்ஸ் தலையில் விழுந்தது. அந்த இடத்திலேயே ஆள் முடிந்தார். அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம், இன்றைக்காவது அந்தக் கடவுளை இரண்டு கேள்வி கேட்பாள் என்று சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தேன். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு, "கஷ்டப்படுத்தாம எடுத்துக்கிட்டீங்களே ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றாள். கந்தப்பனிடம் சோற்றுச் சட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டு, "வெள்ளச்சி, இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுடி" என்றேன். நானும் அழுதேன். அது வேறு விஷயம்.

றோலண்ட் வளர்ந்து, கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். தீபாவளிக்கு எங்கள் பிள்ளைகளெல்லாம் ஊர் திரும்பும்போதும் சரி, அவர்களுடைய நத்தார்ப் பண்டிகைக்கும் சரி, அவள் ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பாள். பிறகு உள்ளே போய், "எம்புள்ள உசுரோட இருக்கானே, ஸ்தோத்திரம்" என்பாள். ஐம்பத்தேழாம் வருஷ மழையில் பின்பக்க மண் சரிந்து போஞ்சிப் பாத்தி அப்படியே ஆற்றோடு போனது. அன்றைக்கு அவள் ஜெபத்தைக் கேட்க வேண்டுமே! "இனி அந்த ஆட்டோட தொல்ல இல்ல ஆண்டவரே, ஸ்தோத்திரம்." அதில் நக்கல் இருந்ததா என்று கந்தப்பனைக் கேட்டேன். "இருந்துச்சு" என்றார். அந்த வருஷத்துக்கு அது ஒரு வார்த்தை.

இதெல்லாம் போகட்டும். உண்மையான சோதனை அவள் கையில் வந்தது. மழைநாளில் மலையிலிருந்து கூடையோடு இறங்கும்போது வடிகால் கானில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. இரண்டு விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. கொழுந்து பறிக்கிறவளுக்கு விரல்தான் சொத்து, வேறு எது இருக்கிறது? நாங்கள் இரண்டு கையும் பறக்கப் பறிப்போம். அவள் கை கோழி கொத்துவதைப் போல நின்று நின்று போனது. குறித்த எடை வந்தால்தான் முழுப்பேர், முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். அவளுக்கு நாள் தவறாமல் அரைப்பேர் விழுந்தது.

ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எல்லார் முன்னாலும் இராமையா கங்காணி சொல்லிவிட்டார்.

"இங்க பாரு சிசிலி, நான் ஒன்னும் செய்ய ஏலாது. இப்படியே அரைப்பேரா எடுத்தா கண்டாக்கையா பேர வெட்டிருவாரு. பேர வெட்டினா காம்பராவும் போயிரும். தெரியுந்தானே?"

"தெரியுங்க" என்றாள். "அவரு பாத்துக்குவாருங்க."

"யாரு, கண்டாக்கையாவா?"

"இல்லீங்க. ஆண்டவரு."

கங்காணி அடுத்த கூடையைத் தராசில் மாட்டினார். அவருக்கு மேலே கண்டாக்கையா, கண்டாக்கையாவுக்கு மேலே துரை. பேர் இருக்கிறவளுக்குத்தான் தோட்டத்தில் கூரை. பேரை வெட்டினால் அவள் எங்கே போவாள்? லோரன்ஸ் மண்ணுக்குள். மகன் எங்கேயோ. ஹட்டனில் அவளுடைய கோயிலில் பாட்டுப் பாட இடமிருந்தது, படுக்க இடமில்லை.

நான் அவளுக்காக இரக்கப்பட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் காம்பராவுக்கு யார் வரப்போகிறார்கள் என்று விசாரித்தேன். இராமையா கங்காணியின் மச்சானாம். அவனுக்குக் குடியும் உண்டு, குடித்தால் தப்பு அடிக்கிற பழக்கமும் உண்டு, ஆறு பிள்ளைகளும் உண்டு. சுவரோ ஆள் உயரம். தினமும் ஸ்தோத்திரம் கேட்டுச் சாவதா, தப்புச் சத்தம் கேட்டுச் சாவதா என்று யோசித்தேன். ஸ்தோத்திரமே தேவலை என்று முடிவெடுத்தேன். இதில் புண்ணியம் எங்கே இருக்கிறது?

மலையில் அவள் நிரைக்கு அடுத்த நிரை என்னுடையது. மத்தியானம் ரொட்டி தின்ன உட்காரும்போது நாங்களெல்லாம் முடிச்சை அவிழ்ப்போம். இவள் முதலில் கண்ணை மூடுவாள். மூடினாள் என்றால் அதோடு போச்சு. ராணி, மந்திரி, துரை, கங்காணி, கொழும்பிலிருக்கிற மகன் எல்லாருக்காகவும் ஜெபம் முடிந்து அவள் ரொட்டிக்கு வரும்போது எங்களுக்கு ஏப்பம் வந்திருக்கும். கூடை அவளுக்குப் பக்கத்தில் செடியோரம் கிடக்கும். கங்காணி மேமலையில் நிற்பார், மற்றவர்கள் கை கழுவப் போயிருப்பார்கள். ஒரு நாள் அந்த நேரம் பார்த்து என் கூடையிலிருந்து இரண்டு கையால் அள்ளி அவள் கூடையில் போட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் நிறுவையில் அவளுக்கு முழுப்பேர் விழுந்தது. கங்காணி தராசை இரண்டு தரம் பார்த்தார்.

அன்றைக்குச் சுவருக்கு மேலே வந்த ஜெபம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

"ஆண்டவரே, அன்னைக்கு ஒரு தீர்க்கதரிசி காட்டுல பட்டினி கெடந்தப்ப காக்காவ அனுப்பி ரொட்டி குடுத்தீங்க. இன்னைக்கு எனக்குக் கொழுந்து குடுத்தீங்க. ஒங்க கைய நெனச்சா எனக்கு அழுக வருது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்."

அவர் கையா? என் கையடி அது! காலையிலிருந்து அட்டைக்கடியில் நின்று பறித்த கொழுந்து! பாடுபடுகிறது ஒருத்தி, பேர் எடுக்கிறது இன்னொருத்தர். "கேட்டியாடி வெள்ளச்சி, காக்கா கொழுந்து கொண்டுவந்துச்சாம்!" என்று பல்லைக் கடித்தேன். அதற்கு மேல் சொல்லவும் வழியில்லை. ஒருத்தி கொழுந்தை இன்னொருத்தி கூடையில் போடுவது தோட்டத்தில் குற்றம். வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள். ஆகவே மறுநாளும் போட்டேன். அதற்கடுத்த நாளும் போட்டேன். பழகிவிட்டது.

எனக்குக் கைக்காசு குறைந்தது. "என்ன நாகலெச்சுமி, வயசாகிப்போச்சா?" என்று கங்காணி மடுவத்தில் கேட்டார். "ஆமாங்க, குமரியாவா இருக்கேன்?" என்றேன். அந்தப் பக்கம் சிசிலி தலையைக் குனிந்துகொண்டு கூடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தோடு போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கெட்டதெல்லாம் உபதேசியாரால் வந்தது. மாசத்துக்கு ஒரு தரம் ஹட்டனிலிருந்து வந்து சிசிலி இஸ்தோப்பில் நாலைந்து வேதக்காரர்களைக் கூட்டி ஜெபக்கூட்டம் நடத்துவார். நல்ல மனிதர்தான். கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார். "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவளும், "கை அப்படியேதான் இருக்குங்கய்யா. ஆனா கூடை கொறையிறதில்ல" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அவர் எழுந்து நின்று, விதவை வீட்டில் மாவும் எண்ணெயும் குறையாத கதையைச் சொல்லி, இந்த லயத்திலும் அதுவே நடக்கிறது என்று கண்ணீர்விட்டார். அதை மற்றத் தோட்டங்களிலும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோட்டன் பிரிட்ஜிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. கூடையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி சீக்குப் பிள்ளையைக் கூடைக்குள் உட்காரவைத்துத் தூக்கினாள். எங்கள் ஆட்களும் சும்மா இருப்பார்களா? எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று நாலு பேர் கூடையடியில் சூடம் கொளுத்தப் போய், சிசிலிதான் கும்பிட்டுக் கெஞ்சி அணைத்தாள். நான் வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்குத் தழை கொடுத்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்தேன். அற்புதம் பண்ணினவளை ஒருத்தர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "கொஞ்சம் வழிவிடும்மா" என்றார்கள்.

விஷயம் கண்டாக்கையா காதுக்குப் போய், அங்கிருந்து துரை பங்களாவுக்கும் போனது. துரைக்கும் அதே சாமிதான். ஆனால் கடவுளே வந்தாலும் தன் தோட்டத்துத் தராசில் கை வைப்பதை எந்தத் துரையும் விரும்பமாட்டார். மறுநாள் கண்டாக்கையா மலைக்கே வந்துவிட்டார்.

"அற்புதமா? இல்ல கொழுந்துக் களவா? இதுக்கு ஒரு முடிவு கட்டணும்" என்றார். "திங்கக்கெழமைல இருந்து ஒனக்குத் தனி நிரை. பக்கத்துல ஒரு ஈ காக்கா இருக்கக்கூடாது. நானே ஆள் போட்டுப் பாப்பேன். வாரக் கடைசி வரைக்கும் எடை வந்தா ஒன் ஆண்டவர நானும் கும்பிடுறேன். வராட்டி பேரு வெட்டு. சரியா?"

"சரிங்கய்யா" என்றாள் சிசிலி. சிரித்த முகத்தோடு சொன்னாள். பாவி, இவள் நிஜமாகவே மேலேயிருந்து கொழுந்து விழுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே! இனி யார் போடுவார்கள்? அன்று சாயங்காலம் வெள்ளச்சியிடம், "சில பேரு ஐயா வேணாம், எனக்கு ஏலாதுன்னு கால்ல விழுந்திருந்தா பொழைச்சிருப்பாங்கடி" என்று சுவர் அதிரச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பாட்டுத்தான் கேட்டது.

திங்கட்கிழமை அவளைப் பள்ளத்தோரமாகத் தனியே விட்டார்கள். அரைப்பேர். செவ்வாய்க்கிழமை மழை. இடுப்பில் கட்டிய படங்கும் தலையில் போட்ட கம்பளியும் நனைந்து, அந்தக் கோணல் கையோடு அவள் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே நிற்பதை இங்கிருந்து பார்த்தேன். அன்றும் அரைப்பேர். ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. சுவருக்கு மேலே அவள் குரல் மட்டும் எப்போதும்போல வந்தது.

"இன்னைக்கும் காக்கா வரல ஆண்டவரே. வர ஏலாதுன்னு எனக்குத் தெரியும். பரவாயில்ல. நீங்க பாத்துக்குவீங்க. ஸ்தோத்திரம்."

பாத்துக்குவீங்களாம்! அவர் பார்த்துக்கொண்டிருந்த லட்சணத்தைத்தான் பத்து வருஷமாகப் பார்க்கிறேனே. புதன்கிழமை விடியும்போது எனக்குப் பொறுக்கமுடியாமல் போனது.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலை ஏறி இறங்கி என் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் அது படுத்துகிற பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளைக்காம்பராவில், அதுதான் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், ஆயாவாக இருந்த வேலாயி தன் மகனோடு இந்தியாவுக்குப் போகிறாள் என்று பேச்சு வந்ததிலிருந்தே அந்த வேலைக்கு நான் அடி போட்டிருந்தேன். கூரைக்குக் கீழே வேலை, அட்டை கிடையாது, தினமும் முழுப்பேர். இராமையா கங்காணிக்கு வயிற்றில் புண். அதற்கு ஆட்டுப்பால் நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு வருஷமாக என் வெள்ளச்சியின் பாலைக் காலையில் அவர் வீட்டுக்குத்தான் அனுப்பினேன். என் வீட்டுத் தேத்தண்ணி பாலில்லாத வெறும் சாயம். "வேலாயி போனதும் ஒனக்குத்தான்" என்று கங்காணி வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் புதன்கிழமை பெரட்டு முடிந்ததும் கங்காணியைத் தனியே பிடித்தேன்.

"கங்காணியாரே, அந்தப் புள்ளைக்காம்பரா வேல எனக்கு வேணாங்க."

"என்னது? ஒரு வருஷமா அதுக்குத்தானே..."

"வேணாம்னா வேணாங்க. எனக்குப் புள்ளைங்க அழுகை ஆகாது."

"நாலு பெத்தவ பேசுற பேச்சா இது?"

"பெத்ததுனாலதான் சொல்றேன். அத அந்த வேதக்காரிக்குக் குடுத்துருங்க."

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் அவளும்தான் பேசுறதில்லையே?"

"இப்ப மட்டும் அவகிட்டயா பேசுறேன்? ஒங்ககிட்டத்தானே பேசுறேன். கண்டாக்கையாகிட்ட இப்படிச் சொல்லுங்க. அவளப் புள்ளைக்காம்பராவுல போட்டா கொழுந்தும் இல்ல, தராசும் இல்ல, அற்புதமும் இல்ல. கூடையத் தொட ஒருத்தனும் வரமாட்டான். பேர வெட்டித் தொரத்துனீங்கன்னா, அந்த உபதேசியாரு ஊர் ஊராப் போயி ஒப்பாரி வைப்பாரு. தொரைக்குத்தான் தலைவலி."

கங்காணி தாடையைச் சொறிந்தார். புத்தியுள்ள மனிதர்தான். "பால் வருமா?" என்று கேட்டார். "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு நிரைக்குப் போனேன். போகும்போது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. என் வாழ்நாளில் செய்த பெரிய மடத்தனம் இதுதான் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, சும்மா இருந்தவள் அன்றைக்கு எதற்கு அந்தக் கூடையில் கை வைத்தேன்?

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில் கண்டாக்கையா சொல்லிவிட்டார். சிசிலிக்குப் பிள்ளைக்காம்பரா. அவருக்கும் பாரம் இறங்கிய முகம். பெண்களெல்லாம், "பாத்தியா, அவ ஆண்டவரு கைவிடல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தேன். அன்றைக்கு மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

சாயங்காலம் வீடு திரும்பி, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கந்தப்பன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்போதும்போல அந்தப் பக்கம் ஆரம்பமானது.

"ஆண்டவரே, எனக்குக் கூரையக் குடுத்தீங்க, ஸ்தோத்திரம்."

"ம்க்கும்" என்றேன் வெள்ளச்சியைப் பார்த்து.

"ஒங்க காக்காவுக்கும் ஸ்தோத்திரம் ஆண்டவரே. அதுக்குப் புள்ளைங்க அழுகை ஆகாதுன்னு கங்காணிகிட்ட சொல்லிச்சாம். நாலு புள்ள பெத்து வளத்த காக்கா. ஒரு வருஷமா ஆட்டுப்பால விட்டுட்டு வெறும் சாயத்தண்ணி குடிச்ச காக்கா."

என்ன காக்கா இது? ஆடு வளர்க்கிற காக்கா?

"இனி மழையில மலை ஏறப்போற அந்தக் காக்காவோட வலது முழங்கால நீங்கதான் பாத்துக்கணும். அதுக்குக் கோவம் ஜாஸ்தி, அதையும் பாத்துக்கங்க. அதோட வீட்டுக்கார..."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பத்து வருஷத்து வைராக்கியம் அந்த இடத்தில் அறுந்தது. எழுந்து நின்று சுவரை ஓங்கித் தட்டினேன்.

"அடியே சிசிலி! யாரடி காக்காங்குற?"

அவள் எழுந்து சுவரடிக்கு வருவது கேட்டது. பிறகு, "அக்கா" என்றாள். குரல் உடைந்து போயிருந்தது. "பேசிட்டீங்களாக்கா?"

"பேசுறது கெடக்கட்டும். ஒனக்குத் தெரியுமா? மொதல்லருந்தே தெரியுமா?"

"தெரியுங்கக்கா."

"கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தியே, எப்படித் தெரியும்?"

"ஒரு கண்ணத்தாங்க்கா மூடுவேன். மத்தக் கண்ண மூடினா அட்டை ஏறிருமே."

லயம் முழுக்க மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது புரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டேதான் அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னியா? கொழுந்து போட்டது நான்டி!"

"நீங்கதாங்க்கா போட்டீங்க. ஒங்களுக்கு நன்றி சொல்லியிருந்தா, மறுநாளு போட்டிருப்பீங்களா?"

போட்டிருக்கமாட்டேன். 'நானா, நான் ஏன் போடுறேன்' என்று அடித்துச் சாதித்திருப்பேன். அதை இவள் எப்படிக் கண்டுபிடித்தாள்?

"சரிடி, தனி நிரைக்குச் சிரிச்சுக்கிட்டே போனியே, அது எந்தத் தைரியத்துல?"

"அழுதா ஒங்க பேரு வெளிய வந்துருமேக்கா."

அப்போதும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "இந்தா பாரு, போட்டது நானாத்தான் போட்டேன். ஒன் ஆண்டவரு ஒன்னும் என்கிட்ட வந்து சொல்லல. அவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

சிசிலி மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, நான் சொன்னா கோவிக்காதீங்க. பத்து வருஷமா ஒங்களப் பாக்குறேன். பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு கை உப்பு கடன் குடுத்தவங்க இல்ல நீங்க. ஆட்ட அவுத்துவிட்டுட்டு, அறுத்துக்கிட்டுப் போச்சுன்னு சாதிச்சவங்க. அப்படிப்பட்ட நீங்க, ஒருத்தரும் சொல்லாம, நீங்களாவே எனக்குக் கொழுந்து போட்டீங்கன்னா எவன்க்கா நம்புவான்? ஒங்களக் கொண்டே என்னய வாழ வச்சாருன்னா, அவர நம்பாம நான் வேற யார நம்புறது?"

முதலில் சிரித்தவர் கந்தப்பன். விளக்கைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அடுத்த காம்பரா, அதற்கடுத்த காம்பரா என்று லயம் கோடி வரைக்கும் சிரிப்பு ஓடியது. என் வாய்க்கு வராத பதில் என்று ஒன்று இந்தத் தோட்டத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆறு வருஷமாகிறது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நாங்கள் பேசுகிறோம். பேச்சென்ன, சண்டைதான். யாரை இந்தியாவுக்கு அனுப்புவது, யாரை இங்கே வைப்பது என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் எங்களைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். "எங்க போனாலும் அவரு பாத்துக்குவாருக்கா" என்கிறாள் அவள். "யாரக் கொண்டு பாத்துக்குவாரு? நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்னு ஆனா, காக்கா கடல் தாண்டுமா?" என்று கேட்டால், "அங்கயும் ஒரு கோவக்காரி இல்லாமலா போவா?" என்கிறாள். றோலண்ட் இன்னும் வரவில்லை. அவள் இன்னும் ரயில் சத்தத்துக்கு வாசலுக்கு வருகிறாள். நானும் வந்து நிற்கிறேன், ஆட்டைப் பார்க்கிற சாக்கில்.

பிள்ளைக்காம்பராவில் அவளைச் சுற்றி முப்பது குழந்தைகள் காச்சுமூச்சென்று கத்துகின்றன. நான் இன்னும் மலை ஏறுகிறேன். என் முழங்காலுக்காக அவள் நாள் தவறாமல் ஜெபம் செய்கிறாள். வலி ஒரு இம்மி குறைந்தபாடில்லை. அதைச் சொன்னால், "ஜெபம் பண்ணாட்டி இன்னும் மோசமாயிருக்கும்க்கா" என்று வாயை அடைத்துவிடுகிறாள். அந்தச் சாமிக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது, நான் முருகனைக் கும்பிடுகிறவள் என்று அவளிடம் ஆயிரம் தரம் சொல்லியாகிவிட்டது.

போன கிழமை ஒரு நாள் அவளுக்குக் களைப்போ என்னவோ, மகனுக்குச் சொன்னாள், குழந்தைகளுக்குச் சொன்னாள், கங்காணி வயிற்றுப் புண்ணுக்குக்கூடச் சொன்னாள், சட்டென்று ஆமென் போட்டு விளக்கைத் தணித்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து போய்ச் சுவரைத் தட்டினேன்.

"அடியே, முழங்காலு!"